விடியற்காலைத் தும்மல்: மதுரைக்குப் புதிதாக வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு

நாகர்கோவிலில் இருந்தவரைக்கும் மூக்கு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைப்பில் இருந்ததில்லை. வேலை மாறி மதுரைக்கு வந்து, நத்தம் ரோட்டுப் பக்கம் வாடகை வீட்டில் குடியேறிய நாலாவது மாதம் ஆரம்பித்தது. காலை 5 மணிக்குப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தால் அடுக்குத் தும்மல், பதினைந்து, இருபது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி மூக்கில் தண்ணீர். கண்ணில் அரிப்பு, மேலண்ணத்தில் அரிப்பு. 9 மணிக்கு ஆபீஸ் போய்ச் சேரும்போது எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். அதனால் லீவு கேட்டாலும் யாரும் நம்புவதில்லை.

“சைனஸ்” என்றார்கள் எல்லோரும். நானும் இரண்டு வருடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் செலவையும் எழுதி வைத்திருந்தேன்: ₹16,000 சொச்சம். அதில் உருப்படியாகப் பயன்பட்டது ₹2,500 இருந்தால் அதிகம். மிச்சத்தை நீங்களாவது மிச்சம் பிடியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்து என்று வரும் இடங்களில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சளியா, சைனஸா, அலர்ஜியா?

டாக்டர் சீட்டில் இதற்குப் பெயர் அலர்ஜிக் ரைனைட்டிஸ். வெளிநாட்டில் ‘ஹே ஃபீவர்’ என்பார்கள், வைக்கோல் காய்ச்சல். பெயரை நம்ப வேண்டாம். பெரும்பாலும் வைக்கோல் காரணமில்லை, காய்ச்சலும் வராது.

நடப்பது இவ்வளவுதான். பூந்தாது, தூசி உண்ணியின் கழிவு, பூஞ்சைத் துகள், கரப்பான் பூச்சித் துணுக்கு போன்ற ஒன்றை உங்கள் உடம்பு எதிரி என்று தப்பாகக் குறித்துக்கொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கும். அடுத்த முறை அந்தத் துகள் மூக்கில் பட்டதும் உடம்பு ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். தும்மல், அரிப்பு, தண்ணீர், அடைப்பு எல்லாம் அது செய்கிற வேலை. கிருமியே இல்லாத சண்டை இது. ஆகவே ஆன்டிபயாடிக் இதில் எதையும் தொடாது. எனக்கு மூன்று கோர்ஸ் கொடுத்தார்கள். மூன்றையும் முழுங்கினேன்.

பிரித்துப் பார்க்க எளிய வழி அரிப்பு. மூக்கும் கண்ணும் அரித்து, மூக்கிலிருந்து வருவது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்து, காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணச் சளி உடம்பு வலியோடு வந்து, ஏழெட்டு நாளில், மிஞ்சினால் பத்து நாளில் கிளம்பிவிடும். சைனஸ் தொற்று என்றால் முகம் கனக்கும், கெட்டியாக மஞ்சளும் பச்சையுமாக வடியும், வாசனை தெரியாமல் போகும். அலர்ஜி முற்றி அடைப்பு நீடித்தால் சைனஸ் தொற்றும் சேர்ந்து வரலாம். இந்தக் குழப்பத்தில்தான் இரண்டும் ஒரே பெயருக்குள் அடைபட்டுப் போகின்றன.

2. எதையும் வாங்குவதற்கு முன் 3 வாரம் நோட்டுப் போடுங்கள்

செலவில்லாத வேலை என்பதாலேயே எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நானும் தாண்டித்தான் போனேன், அதற்குக் கொடுத்த விலை இரண்டு வருடம்.

ஒரு பழைய நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, தும்மல் தொடங்கிய நேரம், எங்கே இருந்தீர்கள், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது (பெருக்கியது, ஒட்டடை அடித்தது, சாம்பிராணி, பெயின்ட்), என்ன மருந்து எடுத்தீர்கள். தினமும் இரண்டு வரி போதும். 3 வாரம் முடிந்ததும் முழுதாக ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்.

என் நோட்டில் இரண்டு நாள் தனியாகத் தெரிந்தன. ஊரிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்தபோது கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாயில், சுருட்டிய வேட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். அந்த இரண்டு காலையும் தும்மல் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. அவர்கள் கிளம்பினார்கள், நான் கட்டிலுக்குத் திரும்பினேன், தும்மலும் திரும்பியது. குற்றவாளி, அம்மா ஆசையாகக் கொடுத்துவிட்ட பன்னிரண்டு வருடத்து இலவம்பஞ்சுத் தலையணை. பழைய பஞ்சில் தூசி உண்ணி குடும்பம் குடும்பமாக வாழும். கண்ணுக்குத் தெரியாது, நம் தோலிலிருந்து உதிரும் பொடிதான் அதற்குச் சாப்பாடு.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. மழைக்குப் பிறகு சாயங்காலமும் தும்மல் வந்திருந்தது, அதுவும் வண்டியைக் காலி மனைப் பக்கம் நிறுத்திய நாட்களில். அந்தக் கதை 5-ஆம் படியில்.

3. மதுரையில் எந்த மாதம் எது

வருடம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறது. சில மாதம் மட்டும் என்றால் வெளியே தேடுங்கள்.

தை, மாசியில் மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் நெல் அறுப்பு. அறுப்பு மிஷின் கிளப்பும் தூசியும், ரோட்டில் கொட்டிக் காயவைக்கும் தானியத் தூசியும் டூவீலரில் போகிறவர் மூக்கில்தான் ஏறும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் என்பதால், கால்வாயில் தண்ணீர் விட்ட வருடங்களில் புரட்டாசி, ஐப்பசி வாக்கிலும் ஒரு அறுப்பு இருக்கும். நனைந்து மக்கிப்போன வைக்கோல் படப்பைப் பிரிக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். உள்ளே பூஞ்சை மண்டிக் கிடக்கும்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை காய்ந்த புழுதி. விருதுநகர் ரோடு, சிவகங்கை ரோடு என்று எங்கிட்டுப் போனாலும் சீமைக்கருவேலங்காடு. அதன் பூந்தாது அலர்ஜியைக் கிளப்பக்கூடியது. இதே மாதங்களில்தான் ஏர் கூலரை இறக்குவோம். போன வருடத் தண்ணீர்ப் பாசியோடு பரணில் கிடந்த கூலரை அப்படியே ஓட்டினால் அறை முழுக்கப் பூஞ்சையும் ஈரமும்தான். ஈரம் ஏறினால் தூசி உண்ணிக்குக் கொண்டாட்டம். கூலரின் புல் ‘பேட்’களை மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே ஓட்டுங்கள்.

ஆனி, ஆடியில் காற்று. அம்மியே பறக்கும் என்கிற காற்றில் தூசி பறக்காதா? காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை நன்றாக உதறி எடுங்கள். ஆவணி முதல் கார்த்திகை வரை மழையும் பார்த்தீனியக் களையும் சுவர்ப் பூஞ்சையும். மார்கழியில் கதவைச் சாத்திக் கம்பளியை இழுத்துப் போர்த்துவோம். அந்தக் கம்பளி பத்து மாதம் பீரோ மேலே கிடந்தது என்பதை நினைவில் வையுங்கள். போகி அன்று காலையில் நான் வெளியிலேயே தலைகாட்டுவதில்லை.

மல்லிகையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மதுரை மல்லி மேல் பழி போட வேண்டாம். காற்றில் பறந்து மூக்குக்கு வருகிற வகைப் பூந்தாது அதற்குக் கிடையாது. ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கிற மூக்குக்கு எந்தக் கடும் வாசனையும் எரிச்சல்தான், சென்ட், பெயின்ட், பினாயில் உட்பட. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் தும்மினால் காரணம் பூ வாசனையாக இருக்கலாம், சாக்குத் தூசியாகவும் இருக்கலாம்.

4. படுக்கையறையில் தொடங்குங்கள் (செலவு சுமார் ₹900, நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை)

தலையணையை மாற்றுங்கள். துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சுத் தலையணை இரண்டு ₹600-க்கு வாங்கினேன். பழையதை உறை மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். நான் கேட்டு ஒரு மாதம் வீணாக்கினேன்.

போர்வை, விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை சூடான தண்ணீரில் துவையுங்கள். கை வைக்க முடியாத சூடு, 55 முதல் 60 டிகிரி வரை வேண்டும். வாஷிங் மிஷினில் அந்த வசதி இல்லையென்றால் அண்டாவில் வெந்நீர் வைத்து அரை மணி நேரம் ஊறப்போட்டு அலசலாம். சாயம் போகும். வெளிர் நிற விரிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மெத்தையைக் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். நம் ஊர் வெயில் இதற்காவது உதவட்டும். ஆனால் வெயில் உண்ணியைக் கொல்லும், அதன் கழிவு மெத்தையிலேயே கிடக்கும். ஆகவே பிறகு நன்றாகத் தட்டவும் வேண்டும். தட்டுவது நீங்களாக இருக்கக் கூடாது.

விளக்குமாற்றால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். ஃபேன் இறக்கையை மறக்காதீர்கள். ஒரு பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி, மேலிருந்து அழுத்தி உருவினால் தூசி முழுக்க உறைக்குள்ளேயே விழும். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் கட்டு எல்லாம் வெளியே. கரப்பான் பூச்சிக்கு மருந்து வைக்கிறீர்கள் என்றால் தெளிக்கும் வகை வேண்டாம், ஜெல் வகை நல்லது.

இப்போது சாம்பிராணி. எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு என் மேல் பிரியம். தும்மல் சத்தம் கேட்டதும், “ஏப்பா தம்பி, மூக்கடைப்புக்கு நல்லா சாம்பிராணி போட்டுவிடுறேன், ஒரே வாரத்துல அத்துப்போகும்” என்று தூபக்காலோடு வந்துவிடுவார். மறுக்க மனசு வராமல் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது நாள் தும்மலோடு மூச்சு இழுப்பும் சேர்ந்தது. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், கற்பூரம் எதுவானாலும் மூடிய அறைக்குள் புகை புகைதான். இயற்கையானது என்பதால் மூக்கு அதற்குச் சலுகை கொடுக்காது. கொசுவுக்கு வலை கட்டுங்கள். வலையையும் துவையுங்கள்.

5. பக்கத்துக் காலி மனை

மதுரையின் புதுக் குடியிருப்புகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு காலி மனை. மழை பெய்து ஒரு மாதத்துக்குள் இடுப்பளவு பச்சை, அதன் மேல் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூ. கேரட் இலை மாதிரி இருக்கும். அதுதான் பார்த்தீனியம். மூக்குக்கும் ஆகாது, தோலில் பட்டாலும் சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் வரும்.

பிடுங்கும் நேரம் பூ வருவதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது. கையுறை, முழுக்கைச் சட்டை, மாஸ்க் போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். அலர்ஜி உள்ளவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், கூலிக்கு ஆள் விடுங்கள். எனக்கு அரை நாள் கூலி ₹500, பக்கத்து மூன்று வீடும் பங்கு போட்டோம். பூத்த பிறகு பிடுங்கிக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், புகையும் உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

மனைக்காரர் வெளியூரில் இருப்பார், போன் எடுக்க மாட்டார். வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மனு 2 நகல், மனையின் போட்டோ, உங்கள் வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்த நகல், ஆதார் நகல் இருந்தால் போதும். ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளாமல் திரும்பாதீர்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது முறை போனபோது முதல் முறை வந்ததற்கே சாட்சி இல்லை.

6. உப்புத் தண்ணீரால் மூக்கு கழுவுவது

வீட்டு வைத்தியம் என்று சொல்லப்படுவதில் எனக்கு நிஜமாகப் பலன் தந்ததும், டாக்டரே தலையாட்டியதும் இது ஒன்றுதான். ஒட்டியிருக்கும் தூளையும் சளியையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது, வேறு மந்திரம் இல்லை. யோகா வகுப்பில் ஜலநேத்தி என்பார்கள்.

தண்ணீர்தான் இதில் உயிர்நாடி. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் நேராக மூக்கில் விடக் கூடாது. கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வருகிறதே, அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. குடித்தால் வராது, மூக்கில் போனால் வரும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 5 நிமிடம் விட்டு இறக்கி, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள்.

அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய தேக்கரண்டியில் ஒன்றரை. அதோடு அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். அயோடின் சேர்க்காத உப்பு நல்லது, பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடை இந்துப்பு என்றால் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பிறகு கொதிக்க வையுங்கள். வெறும் தண்ணீர் விட்டால் மூக்கு சுள்ளென்று எரியும், உப்பு கூடினாலும் எரியும். எரிந்தால் அளவு தப்பு என்று அர்த்தம்.

இந்தச் சமையலெல்லாம் வேண்டாம் என்றால் மருந்துக் கடையில் நார்மல் சலைன் பாட்டில் கேளுங்கள். 500 மில்லி ₹50-க்கு உள்ளே கிடைத்தது. பாட்டிலைத் திறந்துவிட்டால் நாள் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊற்றுவதற்கு மூக்கு கழுவும் பிளாஸ்டிக் பாட்டில் ₹250 முதல் ₹400 வரை.

செய்யும் விதம்: வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மேல் துவாரத்தில் மெதுவாக விட்டால் கீழ்த் துவாரம் வழியாக வெளியேறும். தொண்டைக்குள் இறங்கினால் துப்பிவிடுங்கள். முதல் நாள் நான் அண்ணாந்து பார்த்து ஊற்றி, காது வரைக்கும் போய், அரை மணி நேரம் இருமினேன். குனிந்தே இருக்க வேண்டும், அண்ணாரக் கூடாது. முடித்ததும் ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திப் பிடித்துச் சிந்தினால் காதுக்குப் போகும். உடனே படுக்காதீர்கள், கொஞ்ச நேரம் குனிந்து நிமிர்ந்தால் மிச்சத் தண்ணீர் வடியும். பாட்டிலைக் கொதித்த தண்ணீரில் அலசிக் கவிழ்த்துக் காயவையுங்கள். காது வலியோ முழு அடைப்போ உள்ள நாளில் வேண்டாம். தூசியில் அலைந்து வந்த சாயங்காலம் ஒருமுறை, மோசமான நாட்களில் காலையிலும் ஒருமுறை. எனக்கு அது போதுகிறது.

7. ஆவி, தூதுவளை, தேன், மஞ்சள் பால்

நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அடைப்பு இளகும், ஒரு மணி நேரத்துக்குச் சுகம். அலர்ஜியை அது நிறுத்தாது. கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துப் பிடிக்காதீர்கள், தரையில் அசையாமல் வையுங்கள். சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்காரவைத்துப் பிடிப்பது வேண்டவே வேண்டாம், வெந்துபோன கதைகள் நிறைய. கற்பூரத்தை அதில் போடவோ, குழந்தை நெஞ்சில் தேய்க்கவோ கூடாது. உள்ளே போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.

தூதுவளை ரசம், துளசிக் கஷாயம், கற்பூரவல்லி, மிளகு போட்ட மஞ்சள் பால் எல்லாம் தொண்டைக்கு இதம். ராத்திரி எனக்கும் மஞ்சள் பால் உண்டு. ஆனால் அதைக் குடித்ததால் தும்மல் நின்றதாக என் நோட்டில் ஒரு வரியும் இல்லை. உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் உள்ளூர்ப் பூந்தாது பழகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தேனீ தொடும் பூ வேறு, காற்றில் பறந்து தும்மவைக்கும் தூள் பெரும்பாலும் வேறு. அழகர்மலைத் தேன் என்று இரண்டு பாட்டில் ₹1,100-க்கு வாங்கினேன், தோசைக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருந்தது. ஒரு வயதுக்குக் கீழே குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

மூக்கில் வெங்காயச் சாறு, இலைச் சாறு விடுவது, குளிப்பாட்டிய குழந்தை மூக்கில் எண்ணெய் விடுவது இரண்டும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். சித்த மருத்துவத்தில் இந்த நோய் பீனிசம் என்ற பெயரில் வரும். அந்த வழியில் போக விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்தப் பிரிவு உண்டு. லேபிள் இல்லாத பொட்டலச் சூரணத்தை மட்டும் வாங்காதீர்கள். இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கிற பொடி என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவது நல்லது.

8. டாக்டரிடம் போகும் நாள்

வாரத்தில் 4 நாளுக்கு மேல், 4 வாரத்துக்கு மேல் இழுத்தால், தூக்கமோ வேலையோ கெட்டால், இனி வீட்டு வைத்தியத்தில் தள்ள வேண்டாம். போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்.

கையில் எடுத்துப் போங்கள்: அந்த நோட்டு, பழைய சீட்டுகள் தேதி வரிசையில், சாப்பிட்ட மாத்திரைப் பட்டைகளின் போட்டோ, ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் அதற்கான மாத்திரைகளின் பெயர், குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா என்ற தகவல். கோரிப்பாளையத்தை ஒட்டிய அரசு இராசாசி மருத்துவமனை என்றால் (ஆட்டோக்காரரிடம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லுங்கள்) ஆதாரும் கைப்பேசியும் கொண்டு போங்கள். வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான், 7 மணி வாக்கில் வரிசையில் நின்றால் மதியத்துக்குள் திரும்பலாம். செலவு பஸ் காசுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு தனியாரிடம் போய் ஏமாறாதீர்கள். சீட்டு எழுதி மாத்திரை வாங்கிவரும் இந்த மாதிரி வைத்தியத்துக்கு அது கைகொடுக்காது.

தனியாரில் எனக்கு ஆனது: பார்க்கும் கட்டணம் ₹400, ஈசினோஃபில் (அலர்ஜியில் கூடக்கூடிய ரத்த வெள்ளணு) எண்ணிக்கை ₹150, மொத்த ஐஜிஇ ₹800. பிறகுதான் முக்கியமான பொறி வந்தது. சாப்பாட்டுப் பொருள் உட்படப் பெரிய பட்டியல் ஒன்றை வைத்து “எல்லாத்துக்கும் ஒரே ரத்தத்துல பாத்துடலாம் சார்” என்று ஒரு ஆய்வகத்தில் ₹5,500 வாங்கினார்கள். கத்திரிக்காய், நிலக்கடலை, கோதுமை என்று பத்துப் பன்னிரண்டுக்கு ‘பாசிட்டிவ்’ போட்டுக் கொடுத்தார்கள். ஆறு வாரம் அத்தனையையும் விட்டுப் பட்டினி கிடந்தேன். தும்மல் அப்படியே இருந்தது. பரிசோதனையில் பாசிட்டிவ் வருவதும், அதுதான் உங்கள் தும்மலுக்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல. நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் டாக்டர். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதாமல் ஆய்வகப் பட்டியலுக்குத் தலையாட்டாதீர்கள்.

தோல் குத்துப் பரிசோதனை என்றால் முன்கையில் துளித்துளியாக வைத்துக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் எது தடிக்கிறதோ அது தெரிந்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் வகை மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு போய், எதுவும் தடிக்காமல், திரும்ப வந்து, மறுபடி 10 நாள் காத்திருந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு நிறுத்த வேண்டியதில்லை.

இம்யூனோதெரபி என்று அலர்ஜிப் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. 3 முதல் 5 வருடம் ஆகும். காரணம் உறுதியான பிறகே யோசியுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைக்காத இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

9. மருந்துக் கடையில் ஜாக்கிரதை

அடைப்புக்கு உடனே திறக்கும் சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின். 5 நாளுக்கு மேல் விட்டால் மருந்தின் வேகம் தீரும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். நான் ஏழு மாதம் அதற்கு அடிமை. சட்டைப்பையில் ஒன்று, தலையணை அடியில் ஒன்று. விடுவதற்கு மூன்று வாரம் தூக்கம் போனது.

செட்ரிசின், லெவோசெட்ரிசின் மாத்திரை அரிப்புக்கும் தும்மலுக்கும் கேட்கும், பத்து மாத்திரைப் பட்டை ₹20 வாக்கில். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் இன்னும் குறையும். தூக்கம் வரும், ராத்திரி போடுங்கள். அவில், சிபிஎம் (குளோர்ஃபெனிரமின்) போன்ற பழைய வகை அலர்ஜி மாத்திரை போட்டால் மறுநாள் காலை வண்டி ஓட்டாதீர்கள், காளவாசல் சிக்னலில் கண் செருகிய அனுபவம் எனக்கு உண்டு. மான்டிலூகாஸ்ட் கலந்த மாத்திரையைக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்துவிடுவார். சிலருக்கு அது மனநிலையையும் தூக்கத்தையும் பாதிக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கடுமையான எச்சரிக்கை போட்டது. டாக்டர் எழுதாமல் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ‘கோல்ட்’ மாத்திரை வகைகளைக் கேட்காமல் போடாதீர்கள்.

நீண்ட நாள் தொல்லைக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது ஃப்ளூட்டிகாசோன், மோமெட்டாசோன் போன்ற மூக்கு ஸ்பிரே, ₹300 முதல் ₹450 வரை. ஸ்டீராய்டு என்று பயந்து நான் ஒரு வருடம் தொடவில்லை. மூக்கோடு நிற்கும் குறைந்த அளவு அது. வருடத்துக்கு இரண்டு தடவை இடுப்பில் போட்டுவிடும் ‘அலர்ஜி ஊசி’ உடம்பு முழுக்கப் போகிற ஸ்டீராய்டு, பயப்பட வேண்டியது அதற்கு. ஸ்பிரேயை வலது துவாரத்துக்கு இடது கையாலும், இடது துவாரத்துக்கு வலது கையாலும் பிடியுங்கள். அப்போது முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பும், ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு குறையும். உறிஞ்சி இழுக்காதீர்கள். மூக்கு கழுவுவதாக இருந்தால் அதை முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து. இரண்டாவது நாளே பலிக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம், முழுப் பலனுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம்.

10. காத்திருக்கக் கூடாதவை

மூச்சிரைப்பு, விசில் மாதிரி இழுப்பு, நெஞ்சு இறுக்கம் வந்தால் அன்றைக்கே போங்கள். இந்த அலர்ஜியும் ஆஸ்துமாவும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, ஒரே பக்கம் ரத்தமோ நாற்றமோ, முகமோ கண்ணைச் சுற்றியோ வீக்கம், கடும் காய்ச்சல் இவையெல்லாம் அலர்ஜிக் கணக்கில் சேராது. சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு வடிந்தால் பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே இருக்கலாம், நீங்களே நோண்டாதீர்கள். கர்ப்பிணிகள் எந்த மாத்திரைக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள்.

11. தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்

என் சமையலறைத் தினக்காலண்டரில் இப்போது நாலு தாள் மடித்து வைத்திருக்கிறேன். பங்குனி முதல் வாரம்: கூலர் கழுவ. சித்திரை கடைசி: மெத்தையை மாடிக்கு ஏற்ற. ஆவணி பிறந்ததும்: டாக்டர் சொன்ன ஸ்பிரேயை, மழைத் தொல்லை முற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பாகவே ஆரம்பிக்க, காலி மனைக்கு ஆள் சொல்ல. கார்த்திகை: கம்பளியை வெந்நீரில் போட. தலையணை வாங்கிய தேதியைத் துணி மார்க்கரால் தலையணையிலேயே எழுதிவிட்டேன், இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். வீட்டுக்கார அம்மா வெள்ளிக்கிழமை தூபக்காலோடு வரும்போது மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்துவிடுகிறார்: “தம்பி, அங்கிட்டுப் போயிரு, புகை போடப் போறேன்.”